புரோபைப் பிடித்த கை

1955 ஜூலை 21 அன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை ஒட்டிய ரென்ஃப்ரூவில், பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற கொதிகலன் தொழிற்சாலைக்கு இரண்டு கார்கள் வந்து சேர்ந்தன. டிக்கியில் இருந்தவை அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த கட்டிகள். கருப்பையில் வளர்ந்த நார்க்கட்டிகள் சில, சினைப்பையில் வளர்ந்த நீர்க்கட்டி ஒன்று. கொண்டுவந்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் பங்குக்குப் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள்.

கொதிகலனின் பற்றவைப்புகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு கருவி இருந்தது. மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியை உலோகத்துக்குள் அனுப்பும். உள்ளே விரிசல் இருந்தால் ஒலி அங்கே மோதித் திரும்பும். திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து விரிசலின் ஆழம் தெரியும். அதையே சதைக்கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார் டொனால்ட். நீர்க்கட்டியின் முன்சுவரிலும் பின்சுவரிலும் எதிரொலி எழுந்தது, நடுவே திரை வெறுமையாக இருந்தது. நார்க்கட்டியிலோ எதிரொலி உள்ளே போகப் போகத் தேய்ந்துகொண்டே வந்தது. வயிற்றைக் கீறாமலேயே இரண்டையும் பிரித்தறிய முடியும் என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது.

உலகெங்கும் கர்ப்பிணிகளுக்கு இன்று எடுக்கப்படும் ஸ்கேனின் முக்கியமான வேர் ஒன்று அந்தத் தொழிற்சாலையில் இருக்கிறது. இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கருவியின் வளர்ச்சியைத்தான் சொல்கிறார்கள். கருவியை உடம்பின் மேல் வைத்து நகர்த்திய கை யாருடையது, அந்தக் கைக்கு என்ன பெயர், என்ன சம்பளம், என்ன அதிகாரம் என்ற கதை அதற்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. கருவியின் கதையைவிடக் கையின் கதைதான் சிக்கலானது.

டொனால்ட் 1910இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை மருத்துவராக இருந்தபோது, எரிந்துகொண்டிருந்த விமானத்துக்குள் நுழைந்து வீரர்களை மீட்டதற்காக விருது பெற்றவர். ரேடார், சோனார் போன்ற போர்க்காலக் கருவிகள் அவருக்கு அங்கே பழக்கமாயின. 1954இல் கிளாஸ்கோவுக்குப் பேராசிரியராக வந்தார். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கத் துடிக்கும் அவருக்குச் சக மருத்துவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘பைத்தியக்கார டொனால்ட்’.

அவர் வந்த இடமும் காலமும் அவருக்குச் சாதகமாக அமைந்தன. கிளைட் ஆற்றங்கரையின் கிளாஸ்கோ கப்பல் கட்டுகிற ஊர், கொதிகலன் செய்கிற ஊர், துல்லியக் கருவிகள் செய்கிற ஊர். வறுமையும் நெரிசலும் புகைமூட்டமும் நிறைந்த ஊரும்கூட. ரிக்கெட்ஸ் நோயால் இடுப்பெலும்பு குறுகிப்போன பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரசவத்தில் தவித்தார்கள். 1888இல் மர்டாக் கேமரன் என்ற மருத்துவர் நவீன முறை சிசேரியனை அங்கே ராட்டன்ரோ பிரசவ மருத்துவமனையில் செய்து காட்டியதற்கும் அந்த நோய்தான் காரணம். குழந்தையின் தலை இடுப்புக்குள் நுழையுமா என்பது கிளாஸ்கோவில் உயிர் போகிற கேள்வி. இன்னொன்றும் உண்டு. 1948 ஜூலை 5 முதல் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை நடைமுறைக்கு வந்திருந்தது. காசு கொடுக்காமல் யாரும் சிகிச்சை பெறலாம். டொனால்டின் வார்டில் படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் உழைக்கும் குடும்பத்துப் பெண்கள். புதிய கருவியை முதன்முதலில் உடம்பில் தாங்கியவர்கள் அவர்கள்தான். அவர்கள் பெயர்கள் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை.

தொடக்கக் கருவி இரவல். லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் மேனியார்ட் என்ற இயற்பியலாளர் மூளையை ஆராயப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு ஒதுக்கிய கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் விரிசல் கண்டறியும் கருவி அது. தோலுக்கு மிக அருகில் இருப்பதைக் காட்டாது. அதனால் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் முனையான புரோபுக்கும் தோலுக்கும் இடையே தண்ணீர் வைக்க வேண்டியிருந்தது. வளையும் அடிப்பகுதி கொண்ட வாளியைப் பெண்ணின் வயிற்றின் மேல் நிறுத்தி, அதில் தண்ணீர் ஊற்றி, புரோபை அதற்குள் அமிழ்த்திப் பார்த்தார்கள். வாளி நழுவும், படுக்கை நனையும்.

1956இல் கெல்வின் அண்ட் ஹியூஸில் இருபத்து மூன்று வயதுப் பொறியாளர் ஒருவர் காதுக்குச் செய்தி எட்டியது. தங்கள் நிறுவனத்தின் கருவியை ஒரு பேராசிரியர் மனிதர்கள் மேல் வைத்துப் பார்க்கிறாராம். அந்தப் பொறியாளரின் பெயர் டாம் பிரவுன். டெலிபோன் டைரக்டரியில் டொனால்டின் எண்ணைத் தேடிப் பிடித்துத் தானாகவே அழைத்தார். வெஸ்டர்ன் இன்ஃபர்மரி மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தபோது வாளி வைத்தியத்தைக் கண்டு நொந்துபோனார். சில நாளிலேயே நல்ல கருவி ஒன்று நிறுவனத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. நிறுவனத்தின் மேலிடம் 500 பவுண்டு ஒதுக்கியது. அதை வைத்துக்கொண்டு, மருத்துவமனையில் நோயாளிகள் சாப்பிடப் பயன்படுத்தும் படுக்கை மேசை ஒன்றைச் சட்டமாக்கி, அதன்மேல் புரோபைப் பொருத்தினார் பிரவுன். புரோப் எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதைச் சட்டத்தில் இருந்த மின்கருவிகள் அளந்து திரைக்கு அனுப்பும். எதிரொலிகள் அந்தந்த இடத்தில் புள்ளியாக விழும். புள்ளிகள் சேர்ந்து வயிற்றின் குறுக்குவெட்டுப் படமாகும். தண்ணீர் வாளி போயிற்று. வயிற்றில் ஆலிவ் எண்ணெய் தடவிப் புரோபை நேரடியாகத் தோலில் வைத்தார்கள்.

இந்த முயற்சியைப் பார்த்துச் சிரித்தவர்களின் ஏளனம் அடங்குவதற்கு ஒரு நோயாளிதான் காரணம். வயிறு வீங்கி, உடம்பு உருகி, குணப்படுத்த முடியாத இரைப்பைப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட பெண் அவர். டொனால்டின் கருவி வயிற்றில் பெரிய நீர்க்கட்டி இருப்பதாகக் காட்டியது. அறுத்துப் பார்த்தபோது சினைப்பையில் வளர்ந்த, புற்றுநோய் அல்லாத கட்டிதான் அது. எடுத்ததும் பெண் பிழைத்துக்கொண்டார். 1958 ஜூன் 7 அன்று லான்செட் இதழில் டொனால்ட், ஜான் மக்விக்கர் என்ற இளம் மருத்துவர், டாம் பிரவுன் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. அடிவயிற்றுக் கட்டிகளோடு தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையின் படமும் அதில் இருந்தது. மருத்துவர்களின் இதழில் ஒரு தொழிற்சாலைப் பொறியாளரின் பெயர் சமமாக இடம்பெற்றதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் பல இடங்களில் டொனால்டின் பெயர் மட்டும் நின்றது.

அதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டுவர்ட் என்ற மருத்துவர், கர்ப்ப காலத்தில் எக்ஸ்ரே எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்குப் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காக இருப்பதை 1956இலும் 1958இலும் வெளியிட்டிருந்தார். முதலில் யாரும் நம்ப விரும்பவில்லை. உண்மை மெல்ல உறைத்தபோது எக்ஸ்ரேவுக்கு மாற்று என்று கையில் இருந்தது கிளாஸ்கோவின் எதிரொலிதான்.

லான்செட் கட்டுரையைப் படித்தவர்கள் எழுப்பிய முக்கியமான ஆட்சேபம் ஒன்று உண்டு. படம் கருவியால் வருகிறதா, அல்லது புரோபை நகர்த்துகிறவர் தனக்கு வேண்டியதை வரவழைக்கிறாரா? ஒருவர் எடுத்த படம் இன்னொருவருக்குக் கிடைக்கவில்லையே என்றார்கள். இதற்குப் பிரவுன் சொன்ன பதில் பிரமிக்க வைக்கும் ஓர் இயந்திரம். மோட்டாரால் இயங்கும் அந்தத் தானியங்கி ஸ்கேனர், புரோபைத் தானே தோலின் மேல் ஊர்ந்து போகச் செய்து, எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதையும் தானே உணர்ந்து, ஒரே சீராகப் படம் எடுத்தது. 1960இல் லண்டனில் நடந்த மருத்துவ மின்னணுவியல் மாநாட்டில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். மனிதக் கையை அறிவியலிலிருந்து விலக்கி வைப்பதற்கான முயற்சி அது.

ஆனால் விலை அதிகம், உருவம் பெரிது. கர்ப்பிணியின் தலைக்கு மேல் பீரங்கி போலத் தொங்கியது. கிளாஸ்கோவுக்கு வந்து பார்த்த ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக மருத்துவர் பெர்ட்டில் சுண்டென் தங்கள் ஊருக்கும் ஒரு கருவி கேட்டார். அவருக்காகக் கையால் இயக்கும் எளிய வடிவம் ஒன்று செய்தார்கள். அதுதான் டயாசோனோகிராஃப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் வெளிவடிவத்தை வரைந்தவர் டுகால்ட் கேமரன், அப்போது கிளாஸ்கோ கலைப்பள்ளியின் மாணவர். கர்ப்பிணி பயப்படாத உருவம் வேண்டும் என்பது அவருடைய அக்கறை. தானியங்கி இயந்திரம் அரும்பொருளாகிவிட்டது. கை திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அது விலகவே இல்லை.

இதற்கு நடுவில் வெஸ்டர்ன் இன்ஃபர்மரியில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் இந்தத் தொழிலின் வரலாற்றுக்கு மிகவும் வேண்டியது. அங்கே வார்டுப் பொறுப்பில் இருந்த நர்ஸ், சிஸ்டர் மார்ஜரி மார். பேராசிரியர் ரவுண்ட்ஸ் வரும்போது, குழந்தையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்பார். வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும், அனுபவசாலிக்கே தவறக்கூடிய வேலை. சிஸ்டர் மாரின் பதில் மட்டும் தவறாமல் சரியாக இருந்தது. விஷயம் பிறகுதான் தெரிந்தது. ரவுண்ட்ஸுக்கு முன்பே அவர் கருவியைத் தள்ளிக்கொண்டு போய்த் தலையின் எதிரொலியைப் பார்த்து வைத்துக்கொள்வாராம். குழந்தையின் மண்டையோடு இவ்வளவு தெளிவாக எதிரொலிக்கும் என்றால் அதை அளக்கவும் முடியுமே என்ற எண்ணம் அந்த வார்டில்தான் பலப்பட்டது. மருத்துவர் அல்லாத ஒருவர் தானாகக் கருவியை எடுத்து, தானாகப் பார்த்து, தானாக முடிவுக்கு வந்தார். மீயொலி ஸ்கேன் எடுக்கும் சோனோகிராபர் என்ற தொழிலுக்கு முன்னோடியைத் தேடுகிறவர்கள் சிஸ்டர் மாரிடம் தொடங்கலாம்.

டயாசோனோகிராஃபில் வேலை எப்படி இருந்தது? இயந்திரம் ஏறக்குறைய ஒரு டன் எடை. பெண் கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பார், வயிற்றில் எண்ணெய். புரோப் தலைக்கு மேல் இருக்கும் கனத்த சட்டத்தில் மாட்டியிருக்கும். இயக்குகிறவர் அதைப் பிடித்து, வயிற்றின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு, இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து, தோலை விட்டு எடுக்காமல் இழுத்துப் போவார். அவ்வளவு நேரமும் திரைக்கு முன்னால் இருக்கும் கேமராவின் மூடி திறந்தே இருக்கும். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஃபிலிமில் விழுந்து சேரும். வேகமாக இழுத்தால் படம் வெளிறும், ஒரே இடத்தில் தயங்கினால் அங்கே வெள்ளைத் திட்டு. நடுவில் குழந்தை புரண்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு குறுக்குவெட்டு முடிந்ததும் சட்டத்தைச் சற்று நகர்த்தி அடுத்தது. கறுப்பு, வெள்ளை இரண்டே நிறம். சாம்பல் நிறச் சாயல்கள் வந்ததெல்லாம் 1970களில்தான்.

தலையை அளப்பது இன்னும் நுட்பமான வேலை. குழந்தையின் மூளையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஓடும் கோடு திரையில் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் ஒலி தலையின் குறுக்கே செங்குத்தாகப் போகிறது என்று அர்த்தம். சற்றுச் சாய்ந்தாலும் அளவு பொய். டொனால்டிடம் பணியாற்றிய ஜேம்ஸ் வில்லாக்ஸ் இதைத் தொடங்கி வைத்தார். அங்கிருந்து லண்டன் குயின் ஷார்லட் மருத்துவமனைக்குப் போன ஸ்டுவர்ட் கேம்பல் 1968இல் இந்த நடுக்கோட்டு முறையைச் செம்மையாக வகுத்து வெளியிட்டார். குழந்தை எத்தனை வாரம், வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று எண்ணிக்கையில் சொல்ல முடிந்தது. 1973இல் ஹியூ ராபின்சன் தலையுச்சியிலிருந்து பிட்டம் வரை அளந்து கர்ப்பத்தின் வயதைச் சில நாள் வித்தியாசத்துக்குள் சொல்லும் முறையைக் கிளாஸ்கோவிலிருந்து வெளியிட்டார். பிரசவத் தேதி குறிக்க இன்றும் ஆரம்ப வாரங்களில் எடுப்பது இதே அளவுதான்.

ஸ்கேனுக்கு வரும் பெண்களை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்கிறார்களே, அதுவும் கிளாஸ்கோவில் கண்டுபிடித்ததுதான். நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிவிட்டு, ஒலி தடையில்லாமல் போகும் ஜன்னலாகிறது என்பதை டொனால்ட் 1963இல் உணர்ந்தார். ஆறேழு வாரக் கருப்பையைக்கூடப் பார்க்க முடிந்தது அப்படித்தான்.

1964இல் கிளாஸ்கோவின் யார்க்ஹில்லில் குயின் மதர்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டு டொனால்டின் துறை அங்கே போனது. சில ஆண்டுகளில் கருவி செய்த கிளாஸ்கோ தொழிற்சாலையை அதன் புதிய உரிமையாளரான ஸ்மித்ஸ் நிறுவனம் மூடியது. டயாசோனோகிராஃப் எடின்பரோவின் நியூக்ளியர் என்டர்பிரைசஸுக்குப் போயிற்று. ஜான் ஃபிளெமிங் உள்ளிட்ட பொறியாளர்களை டொனால்ட் தன் மருத்துவமனைக்கே அழைத்துக்கொண்டார். லாபத்துக்கு நடந்த தொழிற்சாலை கைவிட்டதை மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவமனை தாங்கிப் பிடித்தது. பிரவுன் மட்டும் விலகிப் போயிருந்தார். 1970களில் முப்பரிமாண ஸ்கேனர் ஒன்றைச் செய்தார். அது சந்தையில் நிற்கவில்லை. 2019இல் மறைந்தார்.

1970களில் பிரிட்டனின் மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகக் கருவியை வாங்கின. அதுவரை புரோபைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள மருத்துவர்கள். தினமும் காலை முதல் மாலை வரை வரிசையில் நிற்கும் கர்ப்பிணிகளுக்கெல்லாம் அவர்களால் ஈடுகொடுக்க முடியுமா? எக்ஸ்ரே பிரிவில் கருவி வைத்த இடங்களில் ரேடியோகிராபர்கள் கற்றுக்கொண்டார்கள். பிரசவப் பிரிவில் வைத்த இடங்களில் மருத்துவச்சிகள் கற்றுக்கொண்டார்கள். இரண்டு கூட்டத்திலும் பெண்களே அதிகம். ஒருவர் அருகே ஒருவர் நின்று பார்த்து, கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த வித்தை. பிறகு 1970களின் பிற்பகுதியில் ரேடியோகிராபர் கல்லூரி மீயொலிக்கென்று தனி டிப்ளோமா கொண்டுவந்தது. படிப்புகளைச் சோதித்து அங்கீகரிக்க 1993இல் தனி அமைப்பு ஏற்பட்டது. பின்னர் டிப்ளோமாவின் இடத்தில் முதுநிலைப் படிப்பு வந்தது.

பெரிய சண்டை ஒன்று சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. படம் எடுப்பது ஒருவர் வேலை, படத்தைப் படித்து அறிக்கை எழுதுவது மருத்துவர் வேலை என்ற எல்லைக்கோட்டை 1920களிலேயே பிரிட்டனின் மருத்துவர்கள் ரேடியோகிராபர்களுக்கு வரைந்துவிட்டார்கள். எக்ஸ்ரேவுக்கு அது ஓரளவு பொருந்தும். ஃபிலிம் கையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பிறகு வெளிச்சத்தில் வைத்துப் படிக்கலாம். 1970களின் நடுவில் பரவிய ஓடும் படம் இந்தக் கோட்டை அழித்தது. புரோப் அசையும்போதே திரையில் குழந்தையின் இதயம் துடிக்கிறது, கால் உதைக்கிறது. அதைப் பார்த்தவர் ஒருவர்தான். அச்சிட்டு எடுக்கும் நாலைந்து படங்கள் அவர் கண்டதில் ஒரு துளி. அதிலும் எதை நிறுத்திப் படமெடுக்க வேண்டும் என்று முடிவு செய்வதே நோயறிதலில் பாதி. அறையில் இல்லாத மருத்துவர் எதை வைத்து அறிக்கை எழுதுவார்? அறிக்கை எழுதும் பொறுப்பு புரோபைப் பிடித்தவரிடமே வந்து சேர்ந்தது. 1990களுக்குள் பிரிட்டனின் பல மருத்துவமனைகளில் சோனோகிராபரே பார்த்து, எழுதி, தன் பெயரைப் போட்டு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. தாராளமாகக் கொடுத்த உரிமை என்று இதைச் சொல்ல முடியாது. வேலையின் இயல்பே வாங்கிக்கொடுத்த உரிமை.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிதாகத் தோன்றலாம். இங்கே ஸ்கேன் சென்டரில் புரோபைப் பிடிக்கிறவர் மருத்துவர். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகை வாசலிலேயே இருக்கும். பெண் கருவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் கருவியையும் அதை இயக்குகிறவரையும் பதிவுக்குள்ளும் கண்காணிப்புக்குள்ளும் கொண்டுவந்தது. பிரிட்டனில் மருத்துவப் பட்டம் இல்லாதவரின் கைக்குப் போன அதே கருவி, இந்தியாவில் மருத்துவரின் கையிலேயே தங்கியது. அந்தந்த நாட்டின் காயம் எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சட்டம் அமைகிறது.

பிரிட்டனின் காயம் வேறு. 1967இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் டொனால்டும் ஒருவர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். குழந்தை வயிற்றுக்குள் அசைவதைக் காட்டும் தன் படங்களையே வாதமாக வைத்தார். ஆனால் அவரிடம் பயின்ற கேம்பல் 1972இல், மண்டையோடு உருவாகாத குழந்தையைப் பதினேழாவது வாரத்தில் ஸ்கேனில் கண்டறிந்து வெளியிட்டார். அந்தக் கர்ப்பம் கலைக்கப்பட்டது. தான் பெற்றெடுத்த கருவி தனக்கு ஒவ்வாத திசையில் போவதை டொனால்ட் கண்ணெதிரே பார்த்தார். 1976இல் ஓய்வு பெற்றார், 1987இல் காலமானார். அவர் மனதை அரித்த அந்தப் பாரத்தைப் பிறகு சுமந்தவர்கள் சோனோகிராபர்கள்தான்.

இன்று இங்கிலாந்தில் கர்ப்பிணி ஒருவருக்கு அரசு சேவையில் இரண்டு ஸ்கேன்கள் வழங்கப்படுகின்றன. ஒன்று பதினொன்றிலிருந்து பதினான்கு வாரத்துக்குள். மற்றொன்று பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வாரத்துக்குள், பட்டியலிட்ட பதினோரு குறைபாடுகளைத் தேடி. இரண்டாவது ஸ்கேனுக்குச் சுமார் அரை மணி நேரம். அதற்குள் தலை, உதடு, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், அதிலிருந்து புறப்படும் பெரிய குழாய்கள், வயிறு, சிறுநீரகம், கை கால் எலும்பு எல்லாம் பார்த்தாக வேண்டும். குழந்தை குப்புறப் படுத்திருந்தால் தாயை எழுந்து நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். குடும்பத்துக்கு அது கொண்டாட்ட நாள். இதயத்தைப் பார்க்கும்போது சோனோகிராபர் பேச்சை நிறுத்திவிடுவார், கவனம் வேண்டுமே. அந்த மௌனத்தைத் தாய் எப்படி எடுத்துக்கொள்வார்? ஏதாவது தவறாக இருந்தால் உலகத்திலேயே அதை முதலில் அறிந்தவர் சோனோகிராபர். அடுத்த நொடியில் அவர் முகத்தைத்தான் தாய் பார்க்கிறார். பல பத்தாண்டுகள் இதற்குப் பயிற்சியே கிடையாது. எதிர்பாராத செய்தியை ஸ்கேன் அறையில் எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லைத் தவிர்ப்பது என்று பிரிட்டனில் வழிகாட்டுதல் ஒன்று ஒருமித்த கருத்தோடு வெளிவந்தது 2020இல்தான்.

சோனோகிராபரின் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதையும் நீண்ட காலம் யாரும் கேட்கவில்லை. ஒரு கை தோளிலிருந்து விலகி நீட்டியபடி புரோபை அழுத்துகிறது. இன்னொரு கை விசைப்பலகையில். கழுத்து திரையை நோக்கித் திரும்பியிருக்கிறது. பருமனானவரின் வயிற்றில் இன்னும் பலமாக அழுத்த வேண்டும். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் படுப்பார். பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளில் சோனோகிராபர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வலியோடுதான் வேலை செய்கிறார்கள் என்று தெரியவந்தது. தோள், கழுத்து, மணிக்கட்டு. வலி முற்றி வேலையை விட்டவர்கள் உண்டு. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. கட்டிலின் உயரம், நாற்காலி, நோயாளிகளுக்கிடையே இடைவெளி என்று அதில் சொன்னதெல்லாம் எளிமையானவை. காத்திருப்போர் பட்டியல் நீளும்போது முதலில் காணாமல் போவது அந்த இடைவெளிதான்.

ஆள் பற்றாக்குறை தீரவே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுமதிக்கும் பற்றாக்குறைத் தொழில்கள் பட்டியலில் சோனோகிராபர் பல ஆண்டுகள் இருந்தார். தேவையோ கூடிக்கொண்டே போயிற்று. கல்லீரல், பித்தப்பை, தைராய்டு, காலின் சிரையில் இரத்தக்கட்டி, மூட்டு என்று கர்ப்பத்துக்கு அப்பால் வேலை பரவியது. 2013இலிருந்து இங்கிலாந்து முழுவதும் அறுபத்தைந்து வயதாகும் ஆண்களுக்கெல்லாம் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தைக் கண்டறிய ஒரு ஸ்கேன் இலவசம். அதற்கென்றே தனியாகப் பயிற்சி பெற்றவர்கள் ஊர் ஊராகக் கருவியைக் கொண்டுபோகிறார்கள். 2004இல் சுகாதார சேவையின் ஊதியப் படிநிலைகள் திருத்தி அமைக்கப்பட்ட பிறகு, பயிற்சி முடித்த சோனோகிராபர் வழக்கமாக ஏழாம் படிக்கு வந்தார். சாதாரண ரேடியோகிராபரைவிட மேலே, தனித்து அறிக்கை எழுதும் பொறுப்புக்கு ஏற்றபடி.

அப்படியிருந்தும் பிரிட்டனின் சட்டத்தில் சோனோகிராபர் என்ற பெயருக்குப் பாதுகாப்பு இல்லை. ரேடியோகிராபர் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டால் குற்றம், மருத்துவச்சி என்று சொல்லிக்கொண்டாலும் குற்றம். சோனோகிராபர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். குழந்தையின் முகத்தை நினைவுப் படமாக எடுத்துத் தரும் தனியார் கடைகள் பெருகிய காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல. 2009இல் சுகாதாரத் தொழில்களைப் பதிவு செய்யும் மன்றமே இவர்களையும் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. அரசு சட்டம் கொண்டுவரவில்லை. 2019இல் மற்றோர் ஆணையம் இப்போதைக்குத் தேவையில்லை என்று கருத்துச் சொன்னது. ரேடியோகிராபராகவோ மருத்துவச்சியாகவோ இருந்து சோனோகிராபர் ஆனவர்களுக்குப் பழைய தொழிலின் பதிவு கைகொடுக்கிறது. சிஸ்டர் மாரின் வாரிசுகள் இன்னொரு தொழிலின் பெயரில்தான் அரசின் ஏட்டில் இருக்கிறார்கள்.

ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கச் சில பல்கலைக்கழகங்கள் பள்ளி முடித்தவர்களை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் மீயொலி இளநிலைப் பட்டத்தைத் தொடங்கியிருக்கின்றன. முதல் நாளிலிருந்தே புரோபைப் பிடிக்கப் பழகுகிறவர்கள் இவர்கள். முன்னால் வேறு தொழில் இல்லாததால் அரசுப் பதிவேட்டில் இவர்களுக்கு இடம் இல்லை. மருத்துவத் தொழில்நுட்பர்களுக்கான தன்னார்வப் பதிவேடு ஒன்று 2021இலிருந்து சோனோகிராபர்களையும் சேர்த்துக்கொள்கிறது. பட்டம் பெற்று வெளியே வருகிறவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த எண்ணைக் குறிப்பிடுகிறார்கள். அரசுப் பதிவு எண்ணைத்தான் கேட்போம் என்று சொல்லும் மருத்துவமனைகள் இன்னும் இருக்கின்றன.